பூட்டின் மேல் தப்பில்லை

சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பொத்தான். கத்தியின் பிடியில், கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால், விரிந்து நிற்கிற அலகு சத்தமே இல்லாமல் பிடிக்குள் விழுந்து படுத்துக்கொள்கிறது. மறுபடி விரித்தால் ஒரு 'டிக்'. பூட்டிக்கொண்டது. காலையிலிருந்து இதைத்தான் விரிப்பதும் மடக்குவதுமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் இந்நேரம் என் கையிலிருந்து பிடுங்கியிருப்பாய்.

உனக்காக உன் மகள் வாங்கி வைத்திருந்த கத்தி. லீவில் வரும்போது கொண்டுவரலாம் என்று அமெரிக்காவில் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தாளாம். நீ போனபோது அலறியடித்து ஓடிவந்தவளுக்கு இதுவா நினைவிருக்கும்? எட்டு மாதம் கழித்து நேற்று வந்து என் கையில் வைத்தாள்.

இந்த மடலை எழுதுவது எதிர் வீட்டு அம்மா. உனக்குத் தெரியும், டைப்பிஸ்டாக இருந்து ரிடையர் ஆனவர்கள். எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பது ஊரறிந்தது. "நீங்க பேசறாப்பலயே எழுதினா நல்லாருக்காதுங்க ஐயா, படிக்கிறவங்க சிரிப்பாங்க. புத்தகத்துல வர்றாப்பல மாத்திப் போடறேன்" என்றார்கள். "படிக்க வேண்டிய ஆளே போய்ட்டாரும்மா. சிரிச்சா சந்தோசந்தான்" என்றேன். பிறகு பேனாவைத் திறந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இந்தப் பொத்தான் பூட்டைப் பற்றி இல்லை. உன் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்ததே, அந்தப் பழைய கத்தியின் பூட்டைப் பற்றி. அது உன்னைக் கைவிட்டுவிட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாய். பூட்டின் மேல் தப்பில்லை. உன் விரல்கள் போனதற்குக் காரணம் நான். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

நிலக்கரி மைன்ஸில் நாம் இருவரும் பெல்ட் ஜாயின்ட் போடுகிற கேங்கில் இருந்த காலம். கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் கொல்லை நிலத்தைச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டுவிட, அதே சுரங்கத்தில் நான் கான்ட்ராக்ட் ஆளாக இறங்கியிருந்தேன். நீ திருநெல்வேலியிலிருந்து வந்த பர்மனென்ட். வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "என்னவே, இப்படி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பெல்ட் பக்கம் போனா ஒம்மையும் கரியோட சேத்துல்லா அனுப்பிரும்?" என்றாய். எங்கள் பக்கத்தில் ஒருவரும் 'வே' போட்டுக் கூப்பிட்டதில்லை. நான் அதைத் திட்டு என்று நினைத்து ஒரு வாரம் உன்னை முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

கரியைச் சுமந்து போகிற பெல்ட் அறுந்தால், அறுந்த இரண்டு முனைகளையும் படிப்படியாகச் சீவி, உள்ளே இருக்கிற துணி அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்து, சொல்யூஷன் என்கிற ரப்பர்ப் பசையைத் தடவி, ஒன்றின் மேல் ஒன்றை உட்காரவைத்துச் சூடு கொடுக்க வேண்டும். எல்லாமே கத்தி வேலை. ஸ்டோரில் கொடுக்கிற கத்தி பிடி கழன்று ஆடும். உன்னிடம் மட்டும் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. பெரிய மிஷினைப் பொருத்த வந்திருந்த ஜெர்மன்காரர், நீ போட்ட ஜாயின்ட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்புகிற அன்று தன் பையிலிருந்து எடுத்து உனக்குக் கொடுத்தது.

அதுவரை நான் பார்த்த மடக்குக் கத்திகளில் பூட்டு கிடையாது. உள்ளே ஒரு வில்லு பிடித்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் ஏறுக்குமாறாக நெம்பினால் மடங்கிவிடும். இதில் பிடியின் முதுகு நெடுக ஒரு எஃகுச் சட்டம். அதன் முனையில் ஒரு பல். அலகை முழுக்க விரித்தால் அந்தப் பல், அலகின் அடியில் வெட்டியிருக்கிற பள்ளத்தில் 'டக்'கென்று விழும். பிறகு முதுகை அழுத்திப் பல்லைக் கிளப்பினால் ஒழிய மடங்காது. சாப்பாட்டு நேரத்தில் கேங்க் முழுவதையும் சுற்றி உட்காரவைத்து அந்த 'டக்'கைக் கேட்க வைப்பாய். "கேட்டீரா? பல்லு பொருந்துத சத்தம்" என்பாய். "ஒம் பொண்டாட்டிகிட்டகூட இவ்ளோ ஆசையா பேசமாட்ட போலருக்கே" என்று நான் சொன்னதற்குக் கேங்க் மொத்தமும் சிரித்தது.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று என் வீட்டில் வளர்த்திருந்தார்கள். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நீ இதைக் கேலி செய்வாய். "மடக்கிட்டா அது கத்தி இல்லவே, வெறும் கட்ட. சும்மா குடும்" என்பாய். மடக்கியிருந்தாலும் நான் கொடுக்கமாட்டேன். எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதம் உன்னுடையது. அதை ஒரு கத்தியால் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

அன்று பகல் ஷிப்ட். ஒரு முனையில் அடுக்கு உரித்து முடிந்து, நான் அதற்குச் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு பிசிறு துணி நீட்டிக்கொண்டிருக்க, உன் கத்தியை வாங்கி அறுத்தேன். "ஆச்சா? இங்க குடும்" என்று கையை நீட்டினாய். நான் என் பழக்கப்படி கீழே வைத்தேன். தரையெல்லாம் கரித்தூள், தண்ணீர். அதனால் பெல்ட்டின் மேலேயே வைத்தேன், விரித்த கத்தியை, மல்லாக்க, முதுகு கீழே படும்படி. வைத்த இடம் நான் அப்போதுதான் சொல்யூஷன் தடவிய இடம்.

நீ எடுத்தாய். அலகைத் துணியில் துடைத்தாய். மடக்கிப் பையில் போட்டாய். டீ வந்திருந்தது. அலகில் ஒட்டியது துடைத்ததில் போய்விட்டது. முதுகுச் சட்டத்தின் இடுக்கு வழியாகப் பள்ளத்துக்குள் இறங்கியது போகவில்லை. நாம் டீ குடித்த நேரத்தில் அது உள்ளே காய்ந்து ரப்பராகிவிட்டது.

டீ முடிந்து கத்தியை விரித்தாய். பக்கத்து லைன் ஓடிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சலில் 'டக்' வந்ததா வரவில்லையா என்று யார் கேட்டார்கள்? பல் பள்ளத்தில் முழுதாக உட்காரவில்லை. ரப்பரின் மேல் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. நீ கத்தியை மற்ற முனையின் அடுக்குக்கு அடியில் செருகி மேல்நோக்கி நெம்பினாய். மடங்கிவிட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின.

நீ கத்தவில்லை. "ஏய், ஏய்" என்று கத்தியைப் பார்த்துச் சொன்னாய், வளர்த்த நாய் கடித்துவிட்டதைப் போல. நான் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றி, உன்னை ஜீப் வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் நீ கேட்டது ஒன்றுதான். "பூட்டித்தானவே இருந்துச்சு? நீரும் பாத்தீர்லா?" "பாத்தேன்யா, பாத்தேன்" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்குக் காரணம் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்தது சாயந்திரம். கேங்கில் கத்தியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ரத்தத்தைக் கழுவலாம் என்று குழாயடியில் உட்கார்ந்து விரித்தேன். 'டக்' வரவில்லை. 'சப்' என்று வந்தது. இன்னொரு தரம். 'சப்'. பள்ளத்துக்குள் பார்த்தேன். கருப்பாக, மிளகு அளவுக்கு ரப்பர். எங்கே வைத்தேன், எப்படி வைத்தேன் என்று எல்லாம் அந்த நிமிஷத்தில் கண் முன்னால் வந்தது.

ஒரு கம்பித் துண்டை எடுத்து அதைத் தோண்டி எடுத்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். விரித்தேன். 'டக்'. என் விரல்கள் மட்டும் முழுசாக இருக்கின்றனவே என்று வெட்கமாக இருந்தது.

அப்போதே ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் பெயர் பர்மனென்ட் லிஸ்டில் போகப்போகிறது என்று பேச்சு இருந்த மாதம். என்னால்தான் என்று தெரிந்தால் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். விசாரணைக்கு வந்த சேஃப்டி ஆபீசரிடம் நீ, "கத்தி மடங்கிட்டு சார். வேற ஒருத்தர் மேலயும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டாய். சொந்தக் கத்தியை வேலைக்குக் கொண்டுவந்தாய் என்று உனக்குத்தான் மெமோ கொடுத்தார்கள். கட்டுப்போட்ட கையோடு இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாய். பக்கத்தில் நின்று அந்தக் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

நான் செய்ததில் மோசமான பகுதி அதுகூட இல்லை. தையல் பிரித்த அன்று கத்தியைக் கேட்டாய். கொடுத்தேன், கட்டிலின் மேல் வைத்துத்தான். இடது கையால் விரித்தாய். 'டக்'. அலகின் முதுகில் தட்டினாய், அசையவில்லை. பத்து தரம், இருபது தரம் விரித்துப் பார்த்தாய். ஒரு தரம்கூடத் தப்பவில்லை. "பாத்தீரா வே? இப்ப எவ்வளவு யோக்கியமா பிடிக்கு! அன்னைக்கு மட்டும் ஏன் விட்டுச்சு?" என்று கேட்டாய். நான் தோண்டி எறிந்த மிளகளவு ரப்பர் அதில் இருந்திருந்தால் உனக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. காரணத்தை எடுத்துக் குழாயடியில் போட்டுவிட்டு உன்னிடம் கேள்வியை மட்டும் கொடுத்திருந்தேன்.

பிறகு ஆயுசுக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாய். ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே அடுத்தடுத்த தெருவில் நாம் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் விடவில்லை. உன் மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளைக்குக் கத்தி சேர்ப்பதுதான் பொழுதுபோக்கு என்று தெரிந்ததும் நீ குதித்த குதி! மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால், "மாப்ள, கைவிடாத பூட்டுன்னு ஒண்ணு இருக்கா?" என்று போனில் கேட்டாயாம். உன் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து அவர்கள் லீவில் வரும்போதெல்லாம் ஒரு கத்தி. முதலில் வந்ததில், பிடியின் உள்பக்கம் ஒரு மெல்லிய தகடு. அலகை விரித்தால் தகடு ஒதுங்கி வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் மடக்க வேண்டுமென்றால் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தகட்டைத் தள்ள வேண்டும். "வாய்க்குள்ள விரல வச்சுக்கிட்டே வாய மூடச் சொல்லுதான் பாரும்!" என்றாய். போதாததற்கு அது வலது கைக்காரர்களுக்குச் செய்தது. உன் இடது கையோடு அது போட்ட சண்டையைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, எழுந்து போய்விடலாம் போலவும் இருந்தது.

அடுத்தது டைட்டானியம் பிடி. உள்ளே தனித் தகடு கிடையாது. பிடியின் ஒரு பாதியையே நீளவாக்கில் அறுத்து, அதையே வளைத்து முட்டு ஆக்கியிருந்தார்கள். "வீட்டுச் சுவரே தாழ்ப்பாளா வந்து நிக்கு வே. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இறுக்கமாப் பூட்டும்" என்று இரண்டு மாதம் அதைப் பற்றியே பேசினாய். பிறகு டைட்டானியம் எஃகில் உரசி ஒட்டிக்கொள்கிறது, தேய்கிறது என்று குறை கண்டுபிடித்தாய். அதற்கடுத்த முறை மாப்பிள்ளை கொண்டுவந்ததில், உரசுகிற முனையில் மட்டும் ஒரு சின்ன எஃகுத் துண்டைத் திருகி வைத்திருந்தார்கள். "நான் சொன்னது அமெரிக்காக்காரனுக்குக் கேட்டுட்டு" என்று தெருவெல்லாம் சொன்னாய்.

உனக்கு ரொம்பப் பிடித்தது குறுக்குக் கம்பி போட்டது. பிடியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவிப் போகிற ஒரு சின்ன எஃகு உருளை, இரண்டு பக்கமும் நுனி வெளியே தெரியும். அதைப் பின்னால் இழுத்தால் அலகு விடுபடும். எந்தக் கையானாலும் ஒன்றுதான், விரல் அலகின் வழியில் போகவே போகாது. அதைக் கையில் வாங்கி, கம்பியை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாய். பிறகு, "அன்னைக்கு இது இருந்திருந்தா எனக்கு பத்து விரலும் இருந்திருக்கும்லா?" என்று கேட்டாய். என்னைத்தான் கேட்டாய். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. "ஆமாய்யா" என்றேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததே இல்லை. அப்போது எனக்கு லிஸ்ட் பயம் இல்லை, வேலை பயம் இல்லை. பென்ஷன் வாங்குகிற கிழவன். ஆனாலும் வாய் வரவில்லை.

ஒவ்வொரு கத்திக்கும் ஒரே சோதனை. மேஜையில் பழைய பெல்ட் துண்டைப் போட்டு, பிடியை இடது கையில், அலகு மடங்குகிற வழியில் விரல் இல்லாமல் பிடித்து, அலகின் முதுகால் அதில் ஓங்கி அடிப்பாய். பூட்டு நிற்கிறதா விடுகிறதா என்று நீ கத்தியையே பார்ப்பாய். நான் மேஜை மேல் ஊன்றியிருக்கிற உன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்று உன் மகள் இந்தப் பொத்தான் கத்தியைக் கொடுக்கும்போது சொன்னாள்: "மாமா, அப்பாவோட மத்த கத்தியும் நீங்களே வச்சுக்கோங்க. அந்த ஜெர்மன் கத்தியும். அன்னைக்கு நீங்க தூக்கிட்டு ஓடலன்னா கையே போயிருக்கும்னு அப்பா சொல்லிட்டே இருப்பாங்க." உன் மனைவி ஒரு தட்டில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, வெற்றிலை பாக்கு வைக்கிற மாதிரி கொண்டுவந்து முன்னால் வைத்தாள். எடுக்கக் கை போகவில்லை. அங்கேயே, உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் மல்லாக்க வைத்தது முதல் குழாயடியில் தோண்டியது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உன் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் கோபமாகப் போனாளா, அழப் போனாளா என்று எனக்கு இதுவரை தெரியாது. உன் மனைவி தட்டிலிருந்து ஜெர்மன் கத்தியை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அந்த ஜெர்மன்காரன் பாவம்லா அண்ணாச்சி?" என்றாள். "இத்தன வருசமா அவன ஏசாத நாளு உண்டா? கண்ணுக்குத் தெரியாத ஊர்ல இருக்கவன்."

"தங்கச்சி, தப்புதான். அவருகிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா என்ன ஆவுமோன்னு பயந்துகினே இருந்துட்டேன்."

"என்ன ஆயிருக்கும்? ரெண்டு நாளு ஒங்ககூட பேசாம இருந்திருப்பாவ. மூணாம் நாளு காலையில சட்டையப் போட்டுக்கிட்டு, 'அந்தாள் என்ன பண்ணுதான்னு பாத்துட்டு வாரேன்'னு கெளம்பியிருப்பாவ. அவ்வளவுதான். அவியள ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நான் உன் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தபோது இரண்டு நாள். உன் மகள் கல்யாணத்தில் பந்தியில் ஏதோ உளறிவிட்டபோது இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் என் வீட்டுக் கேட்டை ஆட்டி, "என்னவே, உசுரோட இருக்கீரா?" என்பாய். எல்லாவற்றுக்கும் உன்னிடம் இருந்த தண்டனை அதுதான், விரலுக்கும் அதுவேதான் இருந்திருக்கும். அந்த இரண்டு நாளுக்குப் பயந்து ஆயுசு முழுக்க மென்று விழுங்கினேன் பார். இப்போது நீ பேசாமல் எட்டு மாதம் ஆகிறது.

சாயந்திரம் இந்தத் தெரு முனை வரை நடக்கிறேன். திரும்புகிறேன். டவுன்ஷிப் பஸ் போகிறது, இறங்குகிறவர்களில் எனக்குத் தெரிந்த முகம் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு விஷயம் கண்ணில் பட்டால் அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, உடனே நீ இல்லை என்பதும் நினைவுக்கு வருகிறது. மகன் மருமகள் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் என்னை 'வே' போட்டுக் கூப்பிட இந்த ஊரில் ஆள் இல்லை.

கத்திகளை உன் மனைவி திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்களே வச்சுப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள். எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இன்று காலை ஒவ்வொன்றின் பள்ளத்தையும் தகட்டையும் துடைத்து, சொட்டு எண்ணெய் விட்டு வைத்தேன். இனிமேல் வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வேன். என் கண் தெரிகிறவரை ஒரு பூட்டிலும் அழுக்கு சேராது. உனக்கு நான் செய்யக்கூடியதாக இது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

எதிர் வீட்டு அம்மா பேனாவை வைத்துவிட்டு, "முடிச்சிடலாங்களா ஐயா?" என்று கேட்கிறார்கள். இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னேன்.

உன் படத்தின் முன்னால் நான் சொன்னது நேற்று. இன்று இரண்டாம் நாள். நாளைக்கு நான் எங்கேயும் போகவில்லை, காலையில் வீட்டில்தான் இருப்பேன்.